சிலி பாடி மொளகால பூ கொட்டுதா? மொதல்ல சோறு போடுங்க, டானிக் அப்புறம்

காலைல ஆறரைக்கு, இன்னும் சரியா விடியாத நேரத்துல, டார்ச் அடிச்சுக்கிட்டு சைடு காம்பவுண்டுக்குப் போனா செடி வச்ச பாலிபேக்கச் சுத்தி வெள்ள வெள்ளயா பூ கொட்டிக் கெடக்கும். ஒண்ண எடுத்துப் பாருங்க, காம்பு லேசா மஞ்சளா இருக்கும், செடியில ஒட்டியிருந்த எடம் பிளேடால அறுத்த மாரி சுத்தமா விட்டிருக்கும். செடியப் பாத்தா ஒரு கொறையும் இல்ல, இடுப்பு ஒசரம், இல எல்லாம் கருகருன்னு பச்ச, ஆனா காய் மட்டும் எண்ணுனா பத்து விரல் போதும்.

இதப் பாத்ததும் நாம செய்யற மொத காரியம், கடைக்குப் போய் "பூ நிக்கறதுக்கு மருந்து இருக்கா"ன்னு கேக்கறது. நானும் அதான் செஞ்சேன். எங்க வீடு மலேசியாவுல, பினாங்கு புக்கிட் மெர்தாஜாம்ல கோர்னர் லாட் தெரஸ், சைடுல உள்ள எடத்துல நாப்பது பாலிபேக் வச்சிருக்கேன், சிலி பாடி பாதி, நீட்டு மொளகா பாதி. ஒரு கடையில ஒரு போத்தல் குடுத்தாங்க, மேல செக்கச்செவேல்னு மொளகா படம், உள்ள என்ன இருக்குன்னு ஒரு வரி கூட கெடயாது, 38 வெள்ளி. அடிச்சேன். இல இன்னும் பெருசாச்சு. பூ அதே மாரி கொட்டுச்சு. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் படிச்சு, நாலு பேர்ட்ட கேட்டு, செடிய உக்காந்து பாத்து ஒரு விஷயம் வெளங்குச்சு: உரம் வேற, ஊக்கி வேற. உரம் சோறு, ஊக்கி டானிக். பட்டினி கெடக்கற செடிக்கு டானிக் குடுத்தா எதுவும் நடக்காது, ஒரே பக்கமா தின்னு கொழுத்த செடிக்கு குடுத்தாலும் நடக்காது.

சரி பூ ஏன் கொட்டுது? நம்ம ஊருல பாதி காரணம் சூடு. பகல்ல 33, 34 டிகிரி, அதக்கூட மொளகா சமாளிச்சுடும், ராத்திரியும் 25 டிகிரிக்குக் கீழ எறங்காம புழுங்குனா மகரந்தம் சரியா வேல செய்யாது, காய் புடிக்காத பூவ செடி தானே கழட்டி விட்டுடும். ஜனவரி பிப்ரவரில பினாங்குல மழ இல்லாம காயறப்ப இது ரொம்ப தெரியும். மீதி பாதி காரணம் நம்ம கை. நைட்ரஜன் அதிகமா போட்டா செடி இல விடறதுலயே குறியா இருக்கும். ஒரு நாள் தண்ணி ஊத்தாம அடுத்த நாள் ரெண்டு வாளி ஊத்தறது, கார் போர்ச் நெழல்ல வச்சுட்டு காய் கேக்கறது, இதெல்லாமும் சேத்துதான். மொளகாய்க்கு நேரடி வெயில் ஆறு மணி நேரமாச்சும் வேணும், அது இல்லன்னா இதுக்குக் கீழ நான் எழுதறது எதுவுமே உங்களுக்கு ஒதவாது, மொதல்ல பேக்க எடம் மாத்துங்க.

இப்ப மண்ணு. இங்க எல்லாரும் சொல்ற கணக்கு 3:2:1, மண்ணு மூணு பங்கு, மக்குன எரு ரெண்டு, மணல் ஒண்ணு. நான் மணலுக்குப் பதிலா உமிக்கரி போடறேன், செபராங் பிறை பக்கம் நெல்லு வெளயற ஊரு, நர்சரில மூட்டையா கெடைக்கும், எட கம்மி, வேருக்கு காத்து போகும். பேக் 16க்கு 16 இன்ச் எடுங்க, சின்ன பேக்ல வச்சுட்டு பெரிய அறுவடை எதிர்பாக்காதீங்க. நம்ம மண்ணு பொதுவா புளிப்பு மண்ணு, மொளகாய்க்கு பிஎச் 6க்கும் 6.8க்கும் நடுவுல இருந்தா நல்லா எடுக்கும், அதனால ஜிஎம்எல்னு விக்கற சுண்ணாம்பு மாவ ஒரு பேக்குக்கு ரெண்டு மேசக்கரண்டி மண்ணுல கலந்து நனச்சு ரெண்டு வாரம் விட்டுடுங்க. எருவ அப்புறம்தான் சேக்கணும். ரெண்டயும் ஒண்ணா கொட்டிக் கலந்தா எருவுல உள்ள நைட்ரஜன் அமோனியாவா காத்துல போயிடும், மூக்க சுருக்குனு குத்தற அந்த வாட உங்க காசு பறக்கற வாடதான். கோக்கோபீட், அதாவது தேங்கா நார்த்தூள், போடறதா இருந்தா பழுப்பு தண்ணி தெளியற வரைக்கும் மூணு நாலு தடவ அலசிட்டுப் போடுங்க, அதுல உப்பு இருக்கும்.

எருவுல என்னோட ஓட்டு ஆட்டுப் புழுக்கைக்குத்தான். கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஆடு வளக்கறவங்ககிட்ட சாக்கு சாக்கா வாங்கலாம். ஆனா அப்டியே போடாதீங்க, ஈரமாக்கி தார்பாய் போட்டு மூடி ஒரு ஒண்ணர மாசம் வச்சு, வாரம் ஒரு தடவ பெரட்டி விட்டா கைல புடிச்சு நசுக்குனா ஒதிரும், வாடயும் போயிடும், புல்லு வெதயும் பாதி செத்துடும். கோழி எருவுல சத்து ஜாஸ்தி, அதுலதான் ஆபத்தும் ஜாஸ்தி, பச்ச கோழி எரு வேர வேக வச்சுடும், உருண்ட போட்ட எரு வாங்குனா ஒரு பேக்குக்கு ஒரு மேசக்கரண்டி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, பூ வர ஆரம்பிச்சதும் பாதியா கொறச்சுடுங்க. எந்த எருவா இருந்தாலும் தண்டு கிட்ட குவிக்காதீங்க, பேக்கோட ஓரமா போட்டு மண்ணு மூடுங்க.

மீன் அமிலம். இத நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும் ஏன்னா இதுலதான் நான் அடிபட்டேன். பசார்ல மீன் வெட்டற எடத்துல தல, கொடல், செதிலு எல்லாம் சும்மாவே குடுப்பாங்க, காலைல பத்து மணிக்கு மேல போனா கேக்க வேணாம், எடுத்துட்டுப் போன்னு கைல திணிப்பாங்க. கருவாடு, உப்பு போட்ட மீன் மட்டும் வேணாம். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பழுப்பு சீனி இல்லன்னா மொலாசஸ், எட சமமா இருக்கணும், சீனிய மிச்சம் புடிச்சா ஊறாது அழுகும். மீன சின்னதா நறுக்கி சீனியோட கைய விட்டு பெசஞ்சு பிளாஸ்டிக் தோங்ல போட்டு முக்கால் அளவுக்கு மேல நெரப்பாம மூடி வைங்க. மூடி, ஆனா காத்து போற மாரி மூடுங்க. நான் மொத தடவ பெரிய கெட்டிக்காரன் மாரி இறுக்கித் திருகி, அதுக்கு மேல டேப்பும் சுத்தி, வெயில் படற எடத்துல வச்சேன். ஆறாவது நாள் மத்தியானம் டமார்னு ஒரு சத்தம், மூடி பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட கொடிக்கம்பி வரைக்கும் போயிருக்கு, அவங்க காயப் போட்டிருந்த பெட்ஷீட்ல மீன் கொடல். "தம்பி நீ மொளகா வளக்கறியா இல்ல பாம் செய்யறியா"ன்னு கேட்டாங்க, பெட்ஷீட் நான்தான் தொவச்சுக் குடுத்தேன், மூணு தடவ. அதனால நெழல்ல வைங்க, துணி போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்க, இல்லன்னா மூடிய தெனம் ஒரு தடவ தொறந்து விடுங்க. மூணு வாரத்துலேர்ந்து நாப்பது நாளுக்குள்ள தேன் மாரி ஒரு கொழகொழப்பும் ஒரு புளிச்ச பழ வாடயும் வரும், அப்ப வடிகட்டிக்கலாம். பொண வாட அடிச்சா அது கெட்டுப் போச்சு, குழி தோண்டிப் பொதச்சுடுங்க. அளவு, இலைக்கு அடிக்க ஒரு லிட்டர் தண்ணிக்கு 2 மில்லி, வேருக்கு ஊத்த 5 மில்லி. இத நட்ட ரெண்டாவது வாரத்துலேர்ந்து பத்து நாளுக்கு ஒரு தடவ குடுங்க, பூ வந்ததும் நிறுத்திக்கலாம், ஏன்னா இது முக்கியமா நைட்ரஜன். அப்பவும் தொடர்ந்து ஊத்துனா நான் மொதல்ல சொன்ன அந்தக் கருகரு பச்ச இலக்கதைதான்.

பூ வந்ததுலேர்ந்து செடி கேக்கறது பொட்டாசியம். செம்பனை ஆலைலேர்ந்து வர காய்க்குலை சாம்பல் கெடச்சா அதுல பொட்டாசியம் கொட்டிக் கெடக்கு, ஆனா கடுமையான காரம், சமையல்ல காரம் இல்ல, சுண்ணாம்பு பக்கம் சாயற காரம், ஒரு பேக்குக்கு ஒரு தேக்கரண்டி மாசம் ஒரு தடவ போதும், எரு போட்ட அன்னிக்கே போடக் கூடாது, ஏன்னு மேல சொல்லிட்டேன். சாம்பல் கெடைக்காதவங்க பழ ஊறல் செஞ்சுக்கலாம், கனிஞ்ச பிசாங் (வாழப்பழம்), பப்பாளி, பூசணி, எட சமமா பழுப்பு சீனி, ஒரு வாரம் பத்து நாள்ல தயார், லிட்டருக்கு 2 மில்லி. வாழப்பழத் தோல அப்டியே பேக்ல போட்டா கரப்பான் வரும், சத்து வர மாசக்கணக்காகும். அரிசி கழுவுன தண்ணி ஊத்தறவங்க ஊத்துங்க, கெடுதல் இல்ல, அது மட்டுமே உரம்னு நெனச்சா செடி பாவம்.

கால்சியத்த யாரும் கண்டுக்கறதில்ல. நீட்டு மொளகால நுனி கறுத்து தோலு காஞ்சு தட்டையா போயிருந்தா பூச்சின்னு நெனச்சு மருந்து அடிக்காதீங்க, அது பெரும்பாலும் கால்சியம் காய்க்குப் போய்ச் சேரலன்னு அர்த்தம். கால்சியம் தண்ணியோட தான் மேல ஏறும், தண்ணி ஒழுங்கா இல்லன்னா மண்ணுல எவ்ளோ இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. முட்ட ஓட்ட வறுத்து ஒடச்சு வினிகர்ல போடுங்க, ஒரு பங்கு ஓடு பத்து பங்கு வினிகர், சோடா மாரி நொர வரும், நொர அடங்குனதும் வடிகட்டி லிட்டருக்கு 2 மில்லி, பத்து நாளுக்கு ஒரு தடவ இலைக்கு. ஓட்ட சும்மா பொடிச்சுப் போட்டா கரையறதுக்குள்ள உங்க செடிக்கு வயசாயிடும்.

இவ்ளோவும் ஒழுங்கா போகுதுன்னா இப்ப டானிக் பேசலாம்.

நான் முழுசா நம்பறது தேங்கா. 1941ல யோஹன்னெஸ் வான் ஓவர்பீக்னு ஒரு விஞ்ஞானியும் அவரோட ஆளுங்களும் ஊமத்தங்காய்க்குள்ள இருக்கற சின்ன கருவ தனியா எடுத்து கண்ணாடிக் குழாய்ல வளக்கப் பாத்தாங்க, எதப் போட்டாலும் வளரல, தேங்காத்தண்ணி சேத்ததும் வளந்துச்சு. அதுல சைட்டோகைனின்னு ஒரு வகை ஹார்மோன் இருக்கு, செல்லு பிரியறதத் தூண்டறது, இன்னிக்கும் ஆர்க்கிட் திசு வளப்புல தேங்காத்தண்ணி சேக்கறாங்க. நம்ம ஊருல பசார்ல தேங்கா துருவற கடையில ஒடச்ச தண்ணிய காவாய்லதான் ஊத்துறாங்க, ஒரு போத்தல் குடுத்து புடிச்சு வைக்கச் சொல்லுங்க, அன்னிக்கே வடிகட்டி ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி கலந்து சாயங்காலம் அடிங்க. அடுத்த நாளைக்கு வச்சா புளிச்சுடும்.

தேங்காவ வேணும்னே புளிக்க வச்சு செய்யற டானிக்கும் ஒண்ணு இருக்கு, தமிழ்நாட்டுல தேமோர் கரைசல்னு செய்வாங்க, தேங்காப்பாலும் மோரும். நான் வீட்டளவுக்கு ஒரு லிட்டர் புளிச்ச மோருக்கு 200 மில்லி கட்டியான தேங்காப்பால் சேத்து ஏழு நாள் வைக்கறேன், தெனம் ஒரு கிண்டு. பாக்கெட் சந்தான் வேணாம், அதுல வேற சாமானெல்லாம் கலந்திருக்கும், துருவிப் புழிஞ்சதுதான் சரி. மெல்லிசு துணில ரெண்டு தடவ வடிகட்டணும், இல்லன்னா ஸ்ப்ரே மூக்கு அடச்சுக்கிட்டு நீங்க ஊசி தேடிக்கிட்டு அலைவீங்க. லிட்டருக்கு 50 மில்லி, மொத மொட்டு தெரியறப்ப ஒரு தடவ, அப்புறம் பத்து நாளுக்கு ஒரு தடவ. பஞ்சகவ்யமும் நல்லதுதான், லிட்டருக்கு 30 மில்லி கணக்கு, ஆனா பச்ச சாணியும் கோமியமும் வேணும், ஃபிளாட்ல இருக்கறவங்க அத பால்கனில வச்சீங்கன்னா மேனேஜ்மென்ட் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வரும், சொல்லிட்டேன்.

கடல்பாசி சாறு கடையில வாங்கலாம். சபா மாநிலத்துல செம்பொர்னா பக்கம் கடல்ல கயிறு கட்டி பாசி வளக்கறாங்க, பாசிச் சாறுல கொஞ்சம் ஹார்மோன், பீட்டெய்ன் மாரி வெயில் தாங்க ஒதவற சாமான் எல்லாம் இருக்கு. லேபிள்ல போட்ட அளவுக்கு மேல ஒரு சொட்டு போடாதீங்க, ஹார்மோன் விஷயத்துல ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்கு காய் வராது, சில நேரம் தலகீழா போயிடும். நாத்து மாத்தி நட்ட மூணாவது நாள் ஒரு தடவ வேருக்கு ஊத்துனா வேர் சீக்கிரம் புடிக்கறத நான் பாத்திருக்கேன், அதுக்கப்புறம் காயற மாசத்துல மட்டும் அடிக்கறேன். ஹியூமிக் அமிலம், அதாவது மக்குன பொருள்ல இருக்கற கறுப்புச் சாமான், மணல், கோக்கோபீட் ஜாஸ்தியா உள்ள பேக்குக்கு ஒதவும், எரு நல்லா போட்ட பேக்ல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

அப்புறம் ரசாயன ஊக்கி. கேக்கறவங்க நெறய, அதனால சொல்லிடறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மொளகாய்க்கு என்ஏஏங்கற செயற்கை ஹார்மோன் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம், நட்ட 60ஆம் நாளும் 90ஆம் நாளும் அடிக்கச் சொல்றாங்க, காய் நல்லா புடிக்கறதுக்கு. ட்ரையகான்டனால் லிட்டருக்கு 1.25 மில்லி, 20, 40, 60, 80ஆம் நாள். ட்ரையகான்டனால் தேன்மெழுகுலயே இருக்கற சாமான், 1977ல குதிரைமசால் தழைலேர்ந்து அது செடிய வளக்குதுன்னு கண்டுபுடிச்சாங்க. என்ஏஏ அப்டி இல்ல, ஆலைல செய்யறது, அத அடிச்சுட்டு ஆர்கானிக் மொளகான்னு விக்கறது நியாயமில்ல, மைஆர்கானிக்னு மலேசிய அரசாங்கம் குடுக்கற சான்றிதழ் வாங்கற எண்ணம் இருந்தா தொடவே தொடாதீங்க. நான் அடிக்கறதில்ல, அடிக்கறவங்கள திட்டறதுமில்ல, அளவு மட்டும் தராசு வச்சு எடுங்க, மூடியால ஊத்தாதீங்க.

நாள் கணக்கு எப்டின்னா, வெத மொளைக்க ஒரு வாரம் பத்து நாள், நாலஞ்சு இல விட்டதும் கிட்டத்தட்ட முப்பதாவது நாள் பேக்குக்கு மாத்தறது. மொத தண்டு ஒய் எழுத்து மாரி பிரியற கவட்டைல ஒரு பூ வரும், அதக் கிள்ளிடுங்க, மனசு கேக்காது தெரியும், கிள்ளுங்க. கவட்டைக்குக் கீழ உள்ள பக்கக் கெளையும் எடுத்துடுங்க, காத்து போகும், மண்ணுத் தண்ணி தெறிச்சு நோவு ஏறாது. வளந்த செடிக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், ஒண்ணர லிட்டர் தண்ணி, ஒரே தடவயா ஊத்தாம காலைல பாதி மத்தியானத்துக்கு மேல பாதி. மாசம் ஒரு தடவ வெறும் தண்ணிய அடியில ஓடற அளவுக்கு ஊத்தி உப்பக் கழுவி விடுங்க, பேக் ஓரத்துல வெள்ளயா பூத்திருந்தா அது உப்புதான். காத்து இல்லாத எடமா இருந்தா காலைல எட்டு ஒம்போது மணிக்கு பூ உள்ள கெளைய விரலால லேசா தட்டி விடுங்க, மொளகா தன்னோட மகரந்தத்துலயே காய் புடிக்கும், அது ஒதிர்ந்தா போதும்.

எத அடிச்சாலும் காலைல ஒம்போதுக்குள்ள, இல்ல சாயங்காலம் அஞ்சுக்கு மேல, இலைக்கு அடிப்பக்கம் நனயற மாரி. செப்டம்பர் அக்டோபர் மழயில தெனம் அடிச்சு தெனம் கழுவிட்டுப் போறதுக்கு வேருக்கு ஊத்தறதே மேல்.

ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், இல சுருண்டுகிட்டா டானிக் அடிக்காதீங்க. இலயப் புடிச்சுப் பாருங்க, ஓரம் மேல பாத்து படகு மாரி மடிஞ்சா இலப்பேன், கவுத்துப் போட்ட படகு மாரி கீழ பாத்து மடிஞ்சு நுனிக்குருத்து கருகுனா சிலந்திப்பேன். வேப்பெண்ண லிட்டருக்கு 5 மில்லி, அதுல பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு நல்லா கலக்கி அடியில படற மாரி அஞ்சு நாளுக்கு ஒரு தடவ மூணு தடவ. மஞ்சளும் பச்சயுமா திட்டுத் திட்டா இல வந்து செடி குறுகிப் போச்சுன்னா அது வைரஸ், புடுங்கி குப்பையில கட்டிப் போடுங்க, எந்த ஊக்கியும் காப்பாத்தாது. நல்லா இருந்த செடி பச்சயாவே ஒரே நாள்ல தொங்கிப் போச்சுன்னா வாடல் நோவு, அந்த மண்ண வேற பேக்குக்கு எடுக்காதீங்க.

அடிக்கற டானிக் வேல செய்யுதா இல்லையான்னு எப்டி தெரியும்? எல்லாச் செடிக்கும் அடிச்சா தெரியவே தெரியாது, மழ வந்து ராத்திரி குளுந்தாலே பூ நிக்கும், நாம மருந்துக்குப் பேரு குடுத்துடுவோம். அஞ்சு செடிக்கு செவப்பு ரிப்பன் கட்டுங்க, அதுக்கு சோறு தண்ணி எல்லாம் மத்ததுக்குப் போலவே, டானிக் மட்டும் கெடயாது. பறிக்கறப்ப ரெண்டு கூட்டத்தயும் தனித்தனியா சமையல் தராசுல நிறுத்து கேலண்டர்ல எழுதுங்க. நான் இப்டி செஞ்சுதான் தேங்காவ வச்சுக்கிட்டு ஹியூமிக்க விட்டேன், உங்க மண்ணுல வேற மாரி கூட வரலாம்.

நட்டு எழுபது எம்பது நாள்ல மொத பறி. மூணு நாலு நாளுக்கு ஒரு தடவ காம்போட பறிங்க, பழுத்தத செடியில விட்டு வச்சா அடுத்த பூ கொறயும். பறிச்சுட்டு கண்ணத் தொடாதீங்க, அத நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

கடைசியா ஒண்ணு, வடிகட்டுன மீன் அமிலத்த காலி கிச்சாப் (சோயா சாஸ்) போத்தல்ல ஊத்தி வைக்காதீங்க. பாக்க அச்சா கிச்சாப்தான். வேற கலர் போத்தல், மேல பெருசா பேரும் தேதியும், சமையல்கட்டுக்கு வெளிய வைங்க. எங்க மாமா ஒரு நாள் மீ கோரேங் மேல ஊத்திட்டாரு. இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்ல மீ கோரேங் சாப்பிட மாட்டாரு.